பழைய அவுட்போர்டின் இறுகிய லீவர்: கிரீஸா, புதுக் கேபிளா, புதுப் பெட்டியா?

நமக்கு ஆவணி அவிட்டம் வரும் அதே முழுநிலா நாளில் மும்பையின் கோலி மீனவர்கள் நாரளி பௌர்ணமி கொண்டாடிக் கடலுக்குத் தேங்காய் படைக்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் கரையேற்றி வைத்திருந்த படகுகள் அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும், படகின் பின்கோடியில் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய சிறு படகுகளின் கோளாறுகளும் அப்போதுதான் வெளியே வரும். அவற்றில் மிகுதியாகக் காதில் விழும் புகார் மோட்டார் கிளம்பவில்லை என்பதன்று. மோட்டார் கிளம்பிவிடுகிறது, ஆனால் ஓட்டுபவர் அருகே உள்ள கண்ட்ரோல் பாக்ஸில், கியரையும் வேகத்தையும் மாற்றும் லீவரை முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் இரண்டு கை வேண்டியிருக்கிறது என்பதே.

ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரர்கள் இருவர், மாமாவும் அவருடைய அக்காள் மகனும், மனோரி கழிமுகத்தில் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது பழைய 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார். இந்த ஆண்டு அதன் லீவர் இறுகிக்கொண்டபோது இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. "மாப்ள, நாலு இடத்துல கிரீஸ் வச்சா வழிக்கு வந்துரும்" என்பது மாமாவின் கட்சி. "பெட்டி, கேபிள் எல்லாத்தையும் ஒரே தடவையா மாத்திருவோம் மாமா, வருசா வருசம் இதே பாடா இருக்கு" என்பது மருமகனின் கட்சி. மருமகன் தாருகானாவில் கழற்றிய கப்பல் சாமான் விற்கும் ஒருவரிடம் இரண்டாங்கைப் பெட்டி ஒன்றுக்கு விலைகூடக் கேட்டு வைத்துவிட்டார். என்னிடம் வந்து யார் சொல்வது சரி என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது. லீவரில் கை உணரும் இறுக்கம் மூன்று இடங்களில் பிறக்கக்கூடும்: கண்ட்ரோல் பாக்ஸுக்குள், அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் இரு கேபிள்களுக்குள் (கியர் மாற்றும் ஷிஃப்ட் கேபிள், வேகத்தை மாற்றும் திராட்டில் கேபிள்), அல்லது மோட்டாரிலேயே. கிரீஸ், கேபிள், பெட்டி ஆகிய மூன்று தீர்வுகளும் வெவ்வேறு இடத்துக் கோளாறுக்கு உரியவை. எந்த இடம் என்று தெரியாமல் அவற்றின் விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. மும்பையின் உப்புக் கழிகளில் ஓடும் படகுக்கு ஒரே ஒரு பொது விதியைச் சொல்லச் சொன்னால், கேபிளைத் தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருளாகவும், பெட்டியைக் காப்பாற்ற வேண்டிய பொருளாகவும் கருதுங்கள் என்பேன். ஆனால் அந்த விதிக்கு வருமுன், கோளாறே இல்லாத இறுக்கங்கள் சிலவற்றை விலக்கிவிட வேண்டும்.

முதலாவது, மோட்டார் நின்றிருக்கும்போது கியர் விழவில்லை என்பது பெரும்பாலும் கோளாறன்று. அவுட்போர்டின் அடிப்பகுதியில் உள்ள கியர் பெட்டியில், பற்கள் கொண்ட கிளட்ச் ஒன்று நகர்ந்து முன்செல்லும் கியரிலோ பின்செல்லும் கியரிலோ கோத்துக்கொள்கிறது. மோட்டார் ஓடாதபோது பல்லுக்கு நேரே பல் நின்றுவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகாது. ஒருவர் புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்ற, மற்றவர் லீவரை நகர்த்த வேண்டும். கரையில் நின்று வலுக்கட்டாயமாகத் தள்ளிக் கேபிளின் முனைக்கம்பியை வளைத்தவர்கள் உண்டு. இரண்டாவது, ஐடில் வேகம், அதாவது திராட்டிலைத் திறக்காதபோது மோட்டார் ஓடும் வேகம், கூடுதலாக இருந்தால் கிளட்சின் பற்களின் மேல் சுமை விடாமல் இருக்கும், அதனால் கியரிலிருந்து நியூட்ரலுக்கு இழுப்பது கடினமாகும். கார்புரேட்டரைச் சரிசெய்தால் தீருகிற இதற்குக் கேபிள் வாங்குவது வீண். மூன்றாவது, பெரும்பாலான பெட்டிகளில் திராட்டில் உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அலையில் கை ஆடினாலும் லீவர் தானாக நகராதிருக்க அதை முறுக்கி வைப்பார்கள். யாரோ எப்போதோ அளவுக்கு மீறி முறுக்கிவிட்டுப் போயிருந்தால் அதைத் தளர்த்துவதே மருத்துவம். மோட்டாரிலேயே பிடித்து ஓட்டும் டில்லர் கைப்பிடி உள்ள மோட்டாரிலும் இத்தகைய திருகு இருக்கும்.

இவை மூன்றும் இல்லையென்றால், அமைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் வயர்களையும் எடுத்துவிட வேண்டும். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது டூ ஸ்ட்ரோக் மோட்டார் உயிர்பெற்றுவிட்டால் விரல் போய்விடும். பிறகு மோட்டாரின் மூடியைத் திறந்து, இரு கேபிள்களும் எங்கே, எத்தனை மரை உள்ளே போய்ப் பொருந்தியிருக்கின்றன என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டையும் மோட்டார் முனையில் கழற்ற வேண்டும். இப்போது லீவரை நகர்த்தினால் அது இலேசாகிவிட்டதா, அல்லது அதே இறுக்கம் நீடிக்கிறதா? இலேசாகிவிட்டது என்றால் கோளாறு மோட்டாரில். நீடிக்கிறது என்றால் கேபிளில் அல்லது பெட்டியில். அடுத்து, பெட்டி முனையிலும் கேபிள்களைக் கழற்றி, ஒவ்வொன்றின் முனைக்கம்பியையும் கையால் தள்ளி இழுத்தால் எஞ்சிய ஐயமும் தீர்ந்துவிடும். ஸ்பேனரும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை இது, செலவும் இல்லை. இதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது வேறு செய்தி.

மாமாவின் கட்சி வெல்லும் இடம் மோட்டார்ப் பக்கம். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் திராட்டில் என்பது கார்புரேட்டரின் வால்வை மட்டும் திறப்பதன்று. பல மாடல்களில் பிளைவீலுக்கு அடியில் உள்ள இக்னிஷன் தட்டையும் அது கூடவே சுழற்றி, வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க் விழும் நேரத்தை முன்தள்ளுகிறது. அந்தத் தட்டு சுழலும் வளையத்தில் இட்ட கிரீஸ் ஆண்டுக்கணக்கில் காய்ந்து மெழுகுபோல் கெட்டியாகிவிட்டால், கேபிள் புத்தம் புதிதாக இருந்தாலும் திராட்டில் இறுகித்தான் இருக்கும். மழைக்காலம் முழுதும் அசையாமல் கிடந்த மோட்டாரில் இது நிகழ்வது இயல்பு. திராட்டில் கேபிளைக் கழற்றியபின் மோட்டாரில் உள்ள திராட்டில் நெம்புகோலைக் கையால் அசைத்தால் மந்தமாக நகர்ந்து, விட்ட இடத்திலேயே நின்றுவிடுவது இதன் அடையாளம். இதற்குப் பிளைவீலைப் புல்லர் வைத்துக் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது நட்டைக் குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்க வேண்டும். ஆகவே கருவி இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. சுத்தியலால் தட்டிக் கழற்றும் மெக்கானிக்காக இருந்தால் அவரிடமும் விட வேண்டாம்.

கார்புரேட்டர் வால்வின் அச்சு, அதைத் தள்ளும் கேமும் உருளையும், இணைப்புக் கம்பிகளின் பிளாஸ்டிக் புஷ்கள் ஆகியவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து ஒட்டிய பசையைக் கரைப்பானும் தூரிகையும் கொண்டு எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு அசைத்து, அதன்பின் நீரில் கரையாத மரைன் கிரீஸ் இட வேண்டும். தெளிப்பானில் வரும் மெல்லிய எண்ணெயோடு நிறுத்திக்கொள்வது பரவலான பழக்கம். அது துருவை இளக்குமே தவிர நீண்ட நாள் வழவழப்பைத் தராது. சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும்.

கியர் பக்கம் இதைவிடக் கடினமானது. ஷிஃப்ட் கேபிளைக் கழற்றிய பிறகும், புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டே மோட்டாரின் ஷிஃப்ட் நெம்புகோலை நகர்த்துவது சிரமமாக இருந்தால், மேலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் ஷிஃப்ட் கம்பி அதன் புஷ்ஷில் உப்புப் பூத்துப் பிடித்திருக்கக்கூடும், அல்லது கியர் பெட்டிக்குள்ளேயே தேய்மானம் இருக்கக்கூடும். கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்த்து அது பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அப்போது லீவரின் இறுக்கம் இரண்டாம் கவலையாகிவிடும். கியர் பெட்டியை இறக்கியே தீர வேண்டும் என்றால், அதன் மேல்தான் தண்ணீர்ப் பம்பு உட்கார்ந்திருக்கிறது என்பதால் அதன் ரப்பர் இம்பெல்லரையும் அதே கூலியில் மாற்றிவிடுவது சிக்கனம்.

மருமகனின் கட்சியில் பாதிக்கு நியாயம் கிடைப்பது கேபிளில். தள்ளவும் இழுக்கவும் செய்யும் இந்தக் கேபிள் சைக்கிள் பிரேக் கேபிளைப் போன்றதன்று. நடுவே துருப்பிடிக்காத எஃகாலான உள்கம்பி, அதைச் சுற்றி வழுக்கும் பிளாஸ்டிக் குழல், அதன்மேல் எஃகு இழைகளாலான கவசம், எல்லாவற்றுக்கும் வெளியே பிளாஸ்டிக் உறை என்று அடுக்கடுக்காக அமைந்தது. தொழிற்சாலையிலேயே உயவிட்டு முனைகளை மூடிவிடுகிறார்கள். கெடுவது பெரும்பாலும் மோட்டார் முனையில் தொடங்குகிறது: அங்குள்ள சீல் வழியாகவோ உறையில் விழுந்த கீறல் வழியாகவோ உப்புநீர் உள்ளே போய்க் கவச இழைகளைத் துருவாக்குகிறது. துரு ஊதிப் பருத்து உள்குழலை நெருக்குகிறது. அந்த நெருக்கம்தான் லீவரில் இறுக்கமாகக் கைக்கு எட்டுகிறது.

இதனால்தான் கேபிளுக்குள் எண்ணெய் விடும் வைத்தியத்தை நான் நம்புவதில்லை. மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கட்டி, கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க இறங்க விடுவார்கள். மறுநாள் லீவர் இலேசாகத்தான் இருக்கும். ஆனால் உறைக்கும் குழலுக்கும் இடையே உள்ள துருவை அந்த எண்ணெய் தொடுவதேயில்லை, உள்ளே போன எண்ணெயோ தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கெட்டியான கிரீஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அது முனையைத் தாண்டி உள்ளே போகாது. ஒரே ஒரு நிலையில் மட்டும் துடைப்பு உண்மையான தீர்வு. முனையில் வெளியே தெரியும் பளபளப்பான கம்பியிலும் அது ஆடும் மூட்டிலும் உப்புப் படிந்து, மற்றப் பகுதி நலமாக இருந்தால், சுத்தம் செய்து மரைன் கிரீஸ் தடவினால் போதும். உறையில் வெடிப்பு, பழுப்புக் கறை, ஓரிடத்தில் வீக்கம், மடிந்த தழும்பு, கையால் இழுக்கையில் கரகரவென்ற தடங்கல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கேபிளின் காலம் முடிந்துவிட்டது.

இறுகிய ஷிஃப்ட் கேபிளோடு ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் மும்பையின் ஓதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய ஓத நாட்களில் இங்கே கடல்மட்டம் 4.5 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, அவ்வளவு தண்ணீரும் கழிகளின் குறுகிய வாய் வழியாக உள்ளே வந்து வெளியே போகிறது. துறையை நெருங்கும்போது ரிவர்ஸ் விழாமல் போனாலோ, முறிந்த கேபிளால் மோட்டார் முன்கியரிலேயே நின்றுவிட்டாலோ, நிறுத்தக் கயிற்றை இழுப்பது தவிர வேறு வழியில்லை. அதன்பின் படகை நடத்துவது நீரோட்டம்தான்.

கேபிள் மாற்றுவது என்று முடிவானால், திராட்டில், ஷிஃப்ட் இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே வயது, ஒரே வழியில் ஓடி ஒரே உப்பைத் தின்றவை. ஜோடிக் கேபிளின் விலை புதுப் பெட்டியின் விலையில் ஒரு பங்குதான் வரும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை நீளமும் முனையின் வகையும். நீளம் அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. பழைய கேபிளின் உறையில் அச்சிட்ட எண் அழியாமல் இருந்தால் அதையே பின்பற்றலாம், ஆனால் முன்னர் மாட்டியவர் சரியான நீளத்தைத்தான் மாட்டினாரா என்பதையும் கவனிக்க வேண்டும். மோட்டார் இருபுறமும் முழுக்கத் திரும்பும்போதும் மேலே தூக்கப்படும்போதும் இழுபடாதபடி அதன் முன்னே ஒரு தளர்ந்த வளைவு தேவை. முனையைப் பொறுத்தவரை, பல ஜப்பானிய மோட்டார்கள் 33-சி எனப்படும் பொதுவகைக் கேபிளை ஏற்கின்றன, மெர்க்குரி, பழைய ஜான்சன், எவின்ரூட் போன்றவற்றுக்குத் தனி முனைகள் உண்டு. நாக்தேவி தெருவிலோ வேறெங்கோ வாங்கப் போகும்போது பழைய கேபிளைக் கையில் எடுத்துப் போவதே எல்லா விளக்கங்களையும்விடப் பயனுள்ளது.

புதுக் கேபிளையும் பழைய கேபிள்போல் இறுகச் செய்துவிடும் தவறு ஒன்று உண்டு, அது வளைவு. கேபிளின் உராய்வு அதன் நீளத்தைவிட, வழியில் அது வளையும் மொத்தக் கோணத்தைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. இரண்டு செங்கோணத் திருப்பங்கள் சேர்ந்து ஒரு முழு அரைவட்டத்துக்குச் சமம், ஒவ்வொரு திருப்பமும் முந்தையதன் சுமையைப் பெருக்குகிறது. ஆகவே இரண்டு அடி மிச்சமாகிறது என்று கேபிளைக் குறுக்கு வழியில் மடித்துச் செருகுவதைவிட, அகன்ற வளைவில் சுற்றி வருவதே மேல். பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டுவதும் இதே கெடுதியைச் செய்யும். கட்டிய பின்னும் கேபிள் உள்ளே சற்று அசைய வேண்டும். பழையதை உருவும் முன் அதன் முனையில் கயிறு கட்டிவிட்டால் புதியதை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம்.

பெட்டியை மாற்றும் யோசனையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் விலை மட்டுமன்று. கேபிள்களைக் கழற்றிய பிறகும் லீவர் இறுகியிருந்தால், முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே காண்பது காய்ந்துபோன கிரீஸும், நியூட்ரலில் லீவரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் துருவேறி நிற்பதும்தான். கழற்றும் ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொண்டு, ஸ்பிரிங் தெறிக்காமல் ஒரு துணியைப் போர்த்தி வேலை செய்தால் இதைத் துடைத்து மீட்டுவிடலாம். பல் உடைந்திருந்தாலோ, வார்ப்பு வெடித்திருந்தாலோ, நியூட்ரல் பூட்டு நம்பமுடியாமல் போயிருந்தாலோதான் மாற்றம் தேவை.

அப்போதும் எந்தப் பெட்டியும் எந்த மோட்டாருக்கும் பொருந்திவிடாது. சில மோட்டார்களில் கேபிள் தள்ளினால் திராட்டில் திறக்கும், சிலவற்றில் இழுத்தால் திறக்கும், ஷிஃப்டும் அப்படியே. திசை மாறிப் பொருந்திய பெட்டியில் முன்னே தள்ளினால் படகு பின்னே போகும். கூடவே, கியரில் இருக்கும்போது மோட்டார் கிளம்பாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச், சாவி, நிறுத்தக் கயிற்றின் சுவிட்ச், மோட்டாரைத் தூக்கும் பொத்தான் ஆகியவை பல பெட்டிகளில் உள்ளேயே வயரிங்கோடு வருகின்றன. பிளக் பொருந்தவில்லை என்று வயர்களை வெட்டி ஒட்டத் தொடங்கினால், இறுகிய லீவரைச் சரிசெய்யப் போய் மின்கோளாறை விலைக்கு வாங்கியவர்களாவோம். தாருகானாவில் கிடைக்கும் இரண்டாங்கைப் பெட்டிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அது எந்த மோட்டாரிலிருந்து வந்தது, ஏன் கழற்றப்பட்டது என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்காது. உதிரிப் பாகத்துக்காக அதே மாடல் பெட்டியை மலிவாக வாங்கி வைப்பதானால் சரி.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் இருக்கிறது. மோட்டார் சிறியதாகவும், படகு கழிக்குள் மீன்பிடிக்க மட்டும் போவதாகவும், அந்த மாடலுக்கு டில்லர் கைப்பிடி கிடைப்பதாகவும் இருந்தால், பெட்டியையும் நீளக் கேபிள்களையும் எடுத்துவிட்டு நேரே டில்லருக்கு மாறிவிடலாம். துருப்பிடிக்கும் நீளமே பெரிதும் குறைந்துவிடுகிறது. இதன் விலை, ஓட்டுபவர் பின்கோடியில் உட்கார வேண்டியிருப்பதும், அதனால் படகு பின்புறம் அமிழ்வதும், வேகத்தில் கை சோர்வதும். ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்னணுக் கருவிகள் கொண்டு பழைய மோட்டாரின் கேபிள்களை இயக்கும் அமைப்புகளும் விற்கப்படுகின்றன. பழைய மோட்டாரின் மதிப்பை மிஞ்சும் செலவு அது.

மாமாவும் மருமகனும் பிரித்துப் பார்த்ததில், ஷிஃப்ட் கேபிளின் உறை மோட்டார் முனையில் வெடித்துத் துரு வெளியே கசிந்திருந்தது, பிளைவீலின் அடித்தட்டும் மந்தமாக இருந்தது, பெட்டியில் குற்றமில்லை. ஜோடிக் கேபிளும் ஒரு மெக்கானிக்கின் கூலியும் ஆயிற்று. பெட்டிக்கு ஒதுக்கிய பணம் கையில் நின்றது.

புதுக் கேபிளை மாட்டியபின் சீரமைப்பு சரியாக இல்லையென்றால் செலவு வீணாகும். ஷிஃப்டை முதலில் சரிசெய்ய வேண்டும், திராட்டில் பிறகுதான். லீவரும் மோட்டாரின் நெம்புகோலும் இரண்டும் நியூட்ரலில் இருக்க, முனை இணைப்பை மரையில் முன்பின் திருகி, வலுக்கட்டாயமின்றித் தானாகப் பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். யமஹா மோட்டார்களில் இந்த இணைப்புக்குள் கேபிளின் மரை குறைந்தது 8 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும், இல்லையெனில் ஓட்டத்தில் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. நியூட்ரலில் புரொப்பல்லர் இருபுறமும் தடையின்றிச் சுற்ற வேண்டும், முன்கியரிலும் பின்கியரிலும் முழுமையாகக் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு லீவரை முழுக்கத் தள்ளும்போது கார்புரேட்டர் வால்வு அதன் நிறுத்தம் வரை திறப்பதையும், திரும்பக் கொண்டுவந்தால் ஐடிலுக்கே மூடுவதையும் பார்க்க வேண்டும். கியரில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. இவ்வளவும் சரியான பின்னரே, படகைத் துறையில் கட்டிய நிலையில், ஓதம் நின்றிருக்கும் வேளையில், மோட்டாரை ஓடவிட்டு முன்னும் பின்னும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த மே மாத இறுதியில் படகைக் கரையேற்றும்போது, கேபிள் முனைகளை நன்னீரால் கழுவி உலர்த்தி, வெளியே தெரியும் கம்பியில் மரைன் கிரீஸ் தடவி, லீவரை நியூட்ரலில் விட்டு மோட்டாரை மூடி வைக்க வேண்டும். மழை ஓய்ந்த ஞாயிறுகளில் யாராவது ஒருவர் போய்ப் புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டே லீவரை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு வருவது நல்லது. ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி வைத்திருப்பதை மட்டும் அப்போது மறக்கக் கூடாது.